நேற்று வைத்த களி

பாலம்மாவுக்குக் கையைவிட வாய் வேகம். கண்டி மஹய்யாவவில் கோப்பி காயவைத்துப் புடைக்கிற ஒரு ஸ்டோரில் அறுபது பேருக்குக் களி கிண்டிப் போடுகிற கை அது. அந்தக் கையையும் முந்திக்கொண்டு ஓடுகிற வாய் என்றால் எப்படிப்பட்ட வாய் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வாயால்தான் 1883ஆம் வருஷம் புரட்டாசியில் கூடப்பிறந்த தங்கச்சியைச் சாகக் கொடுக்கப் பார்த்தாள்.

ஆவணியில் ஒரு நாள் தூரத்தில் பீரங்கி வெடிப்பதுபோல அடுக்கடுக்காகச் சத்தம் கேட்டது. பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகுகிறார்கள் என்று எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சூரியன் பச்சையாக உதித்தது. அம்பிட்டிய மலைக்கு மேலே வாழைக்குருத்து நிறத்தில், கண் கூசாமல் பார்க்கிற மாதிரி வந்து நின்றது. சாயங்காலம் கலகெதரப் பக்கம் இறங்கும்போதும் அதே பச்சை. முதல் நாள் வாய்பிளந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்கள். மூன்றாம் நாளும் பச்சையாகவே வந்தபோது தேங்காய் உடைக்கவும் யாரும் போகவில்லை.

ஏற்கெனவே காலம் சரியில்லை. கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் தூள் பூத்து, தோட்டம் தோட்டமாகச் செடிகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. ஸ்டோர் களத்தில் காய வருகிற கோப்பி வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. செடியும் போச்சு, இப்போது சூரியனும் போச்சு, இனி இங்கே என்ன இருக்கிறது என்று கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் பேச்சு கிளம்பியது.

ஸ்டோரில் கிளாக்கராக இருந்தவர் பொன்னுத்துரை, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரத் துரை படித்துவிட்டுப் போடுகிற இங்கிலீஷ் பேப்பர்களும், துரையின் அலுமாரியில் தூசி தின்னும் புத்தகங்களும் இவர் கையில்தான் உயிர்பெறும். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. ஆனையின் கனவைப் பற்றிக் கேட்டாலும் ஏதாவது பதில் வைத்திருப்பார்.

அவர்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் களத்து மேட்டில் ஏறி நின்று பேப்பரைப் படித்துச் சொன்னார்.

"ஜாவாப் பக்கம் ஒரு மலை வெடிச்சுப்போச்சுதாம். அந்தத் தூசிதான் வானத்தில நிண்டு சூரியனைப் பச்சையாக் காட்டுது எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார்."

"மலை வெடிக்குமாங்கய்யா?" என்று ஒரு கிழவர் கேட்டார். எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் மலையைப் பார்க்கத் திரும்பியது. கண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான்.

பொன்னுத்துரை சளைக்கவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு கல்துண்டை எடுத்துவரச் சொன்னார். போன பங்குனி வறட்சியில் ஸ்டோர்க் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அறுபதடிக்குக் கீழே இறங்கிக் கல்லுடைத்தவன் பழனியாண்டி. பாலம்மாவின் தங்கச்சி சுப்பம்மாவின் புருஷன். அவன் உடைத்த கற்கள் இன்னும் கிணற்றடியில் குவிந்து கிடந்தன, கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டுக்கொண்டு.

"இந்த வெள்ளை வரியைப் பாருங்கோ. மலைக்குள்ள கல்லு உருகினா ரெண்டு வகையா இருக்கும். ஒண்டு கஞ்சி மாதிரித் தண்ணியா ஓடும். மற்றது களி மாதிரி இறுகி நிக்கும். இந்த வெள்ளைக் கல்லு கூடக் கூட உருகின குழம்பு தடிக்கும். எங்கட மலையெல்லாம் வெள்ளைக் கல்லு. ஓடி வந்து எங்களை மூடுறதுக்கு வழியே இல்லை. பயப்படாமல் போய்ச் சாப்பிடுங்கோ!"

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! களி எங்கே ஓடப் போகிறது? அன்றைக்கு எல்லாரும் இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பாலம்மாவும் நம்பினாள். நிறைமாதத்தில் இருந்த சுப்பம்மாவின் வயிற்றைத் தடவி, "ஒம் புள்ள பொறக்கும்போது சூரியன் மஞ்சளாயிரும்டி" என்றாள்.

ஒரு வாரம் அமைதியாகப் போனது. பிறகு றவூப் வந்தார்.

றவூப், கலகெதரவிலிருந்து மாட்டுவண்டியில் களிக்கான குரக்கன், அதாவது கேழ்வரகு மாவு கொண்டுவருகிற வியாபாரி. அவருடைய அண்ணனுக்குக் காலித் துறைமுகத்தில் வேலை. அந்த வழியாக ஒரு கல் அவர் கைக்கு வந்திருந்தது. சாம்பல் நிறம், மேலெல்லாம் பொத்தல். பழனியாண்டி அதைக் கையில் வாங்கியவன், உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இலேசாக இருக்கிறதே என்று திடுக்கிட்டான். தண்ணீர் வாளியில் போட்டால் மிதந்தது.

"ஜாவாக் கடல்ல இது பாய் விரிச்ச மாதிரி மெதக்குதாம். எங்கட நானாகிட்ட ஒரு கப்பல்காரன் குடுத்தது" என்றார் றவூப். "ஆனா ஒண்டு. அந்த மலையில இருந்து கொழம்பு கிழம்பு ஒண்டும் ஓடி வரல்லையாம். பட்டெண்டு வெடிச்சுச் செதறிப் போனதாம்."

கல் கை மாறிக் கை மாறி பாலம்மாவிடம் வந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இது புதிதாகவே தெரியவில்லை. சட்டி விளிம்பில் ஒட்டிக் காய்ந்த களி இப்படித்தானே இருக்கும்!

அங்கேதான் வாய் முந்தியது.

"ஐயா, நீங்க தலகீழா சொல்லிட்டீங்க! இது களி. கஞ்சி கொதிச்சா ஆவி அது பாட்டுக்கு மேல போயிரும், ஒரு தொல்லையும் இல்ல. களிதான் ஆவிய உள்ளுக்குள்ள புடிச்சு வச்சிருந்து, தாங்க முடியாம மூஞ்சியில தெறிக்கும். இந்தா பாருங்க!" முழங்கை வரை சேலையை ஒதுக்கிக் காட்டினாள். பன்னிரண்டு வருஷத்துச் சூட்டுத் தழும்புகள் புள்ளி புள்ளியாக இருந்தன. "கஞ்சி ஒரு நாள் என்னயச் சுட்டதில்ல. இது பூராக் களி போட்ட கோலம்."

களம் முழுக்கச் சிரித்தது. பொன்னுத்துரையின் முகம் போன போக்கைப் பார்த்து இன்னும் சிரித்தது. கிளாக்கரை மடக்கிவிட்ட பெருமையில் பாலம்மாவும் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

"மதினி," என்றான் மெதுவாக. "நம்ம மலைக் கல்லு களி வகைன்னுதானே ஐயா சொன்னாரு?"

சிரிப்பு அப்படியே நின்றது. பாலம்மாவின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

பொழுது சாய்வதற்குள் நாற்பது பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். மாத்தளை வழியாக வடக்கு ரோட்டைப் பிடித்து, மன்னார்க் கரை போய், தோணி ஏறி இந்தியாவிலிருக்கிற சொந்த ஊருக்குப் போவது என்று முடிவு. முதல் ஆள் பழனியாண்டி. அவனைக் குறை சொல்லவும் முடியாது. பிறக்கப் போகிற பிள்ளையைக் காப்பாற்றத்தான் துடித்தான்.

ஆனால் பாலம்மாவுக்கு அந்த ரோடு தெரியும். ஒன்பது வயதில் அந்த வழியாகத்தான் வந்தாள். மாத்தளை ரோட்டு நாலந்தாவுக்கு இந்தப் பக்கம் அம்மாவுக்கு வாந்திபேதி கண்டது. காலையில் கண்டு மத்தியானம் போய்விட்டாள். கூட வந்தவர்கள் குழி தோண்டி மூடிவிட்டு நடந்தார்கள், வேறு வழியில்லை. இரண்டு வயதுச் சுப்பம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பாலம்மா கண்டி வரை நடந்தாள். அந்தச் சுப்பம்மா நிறைவயிற்றோடு அதே ரோட்டில் போகப் போகிறாள். தண்ணீர் வற்றிக் கிடக்கிற காலம். வெளியே பாய்ந்துவிட்ட சொல்லை எப்படித் திரும்ப அள்ளுவது? தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

நேராகக் கிளாக்கர் உட்காருகிற ஸ்டோர் கந்தோருக்குப் போனாள். பொன்னுத்துரை கதிரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோவமாங்கய்யா?"

"கோவமில்லை. நீ சொன்னது சரி. துரையின்ர புத்தகத்தை எடுத்துப் பாத்தன். அப்பிடித்தான் போட்டுக்கிடக்கு. அதுதான் கோவம்."

"அப்ப அதுல வேற என்னென்ன போட்டிருக்குன்னு முழுசாச் சொல்லுங்க. அரைகொறையாக் கேட்டுத்தான் இந்த வினை."

மேசையில் தடித்த புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது. அவர் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். உருகிய கல் எவ்வளவு சூடோ அவ்வளவு இலேசாக ஓடும். சூடு தணியத் தணிய இறுகும். அந்த வெள்ளைக் கல்லின் சேர்மானம் கூடினால் தடிக்கும். நீர் கலந்திருந்தால் கொஞ்சம் இளகும். ஆனால் அதே நீர் மேலே வரும்போது ஆவியாகி, தடித்த குழம்பில் மாட்டிக்கொண்டால் வெடிக்கும். உருகாத மணிகள், ஏற்கெனவே உறைந்துபோன துணுக்குகள் நிறையக் கிடந்தால் இன்னும் ஓட்டம் கெடும்.

பாலம்மா விரல் மடக்கினாள். "தீ, மாவு, தண்ணி, கட்டி. அம்புட்டுத்தானே? இத எழுதுறதுக்கா இம்புட்டுப் பெரிய பொஸ்தகம்?"

பொன்னுத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மறைக்க மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரிங்கய்யா. மாவு நம்ம மலையில இருக்கு, ஒத்துக்கிறேன். அடுப்பு எங்க இருக்கு?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். நெருப்பு மலைகள் இருக்கிற நாடுகளின் பட்டியல் ஒன்று இருந்தது. மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். இலங்கையின் பெயர் இல்லை.

"இல்லைன்னு அர்த்தமா, எழுத மறந்துட்டாங்கன்னு அர்த்தமா?"

பொன்னுத்துரை இருமினார். பாலம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். புத்தகம் பாதி தூரம்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறது, மீதியை அவள்தான் நடக்க வேண்டும்.

சட்டியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். பயத்தில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடாததால் அடியில் அரைச்சட்டிக் களி மிச்சம். வாளி இறைத்து, பகலில் களி தெறித்துச் சுட்ட கையில் தண்ணீரை ஊற்றினாள். சுரீரென்று குளிர்ந்தது. அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு இறைத்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி ஊறவைக்காமல், மூடி போட்டு அப்படியே வைத்துவிட்டாள். களி கிண்டுகிறவள் இப்படிச் செய்தால் மறுநாள் சட்டியைச் சுரண்டுவதற்குள் விரல் தேய்ந்துவிடும். தெரிந்தேதான் செய்தாள்.

வடக்கு ரோட்டில் கிளம்புகிறவர்களுக்கு ஸ்டோரில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் தனித்தனியாகப் பொங்கித் தின்றுவிட்டுப் போவதில்லை. எல்லாருக்கும் ஒரே சட்டியில் வழிக்களி கிண்டி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஆளுக்கொரு உருண்டையை இலையில் கட்டிக்கொண்டுதான் போவார்கள். அந்தச் சட்டி அடுப்பைவிட்டு இறங்குவதற்கு முன் காலெடுத்து வைப்பது அபசகுனம். பாலம்மாவின் கையில் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

விடிந்தது. பச்சைச் சூரியன் மூட்டைகளின் மேலெல்லாம் பச்சை அடித்தது. சுப்பம்மா ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம்மா மூன்று கல் அடுப்புகளில் மூன்று சட்டி வைத்திருந்தாள். இரண்டில்தான் தீ எரிந்தது.

"என்னா மதினி, மூணு சட்டி? நேரமாவுது" என்றான் பழனியாண்டி.

"சட்டி எறங்காம போவ மாட்டல்ல? வந்து பாரு. எல்லாரும் வாங்க. கிட்ட வராதீங்க, தெறிக்கும்."

முதல் சட்டியில் கஞ்சி கொதித்தது. குமிழ்கள் சத்தமில்லாமல் மேலே வந்து உடைந்தன. இரண்டாவதில் களி. ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது. திடீரென்று ஓரிடத்தில் உப்பியது. ப்ளக் என்று வெடித்துத் தெறித்தது. முன்னால் நின்றவன் தொடையைத் தடவிக்கொண்டு பின்னால் போனான்.

"நேத்து நான் சொன்னது பொய்யில்ல. களிதான் வெடிக்கும். ஜாவா மல இந்தச் சட்டி" என்றாள் பாலம்மா.

"நம்ம மலையும் அதேதான்னுதான மதினி நான் கெளம்புறேன்!"

அவள் மூன்றாவது சட்டியைத் தூக்கி, அவன் தலைக்கு மேலே அப்படியே கவிழ்த்தாள். கூட்டம் "ஏய்!" என்று கத்தியது. பழனியாண்டி தலையைப் பொத்திக்கொண்டான். ஒரு துளி விழவில்லை. முந்தின நாள் களி கல்லாகிச் சட்டியோடு ஒட்டிக் கிடந்தது. அவள் அகப்பைக் காம்பால் தட்டினாள், டொக் டொக்கென்று கேட்டது.

"இதுவும் களிதான். அதே மாவு. இது வெடிக்குமா?"

"ஆறிப்போன களி எப்பிடி மதினி வெடிக்கும்? கீழ தீ இல்லையே."

"ஆங். நம்ம மலைக்குக் கீழ தீ இருக்கா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒனக்குத்தான் தெரியும்! இந்த மஹய்யாவவுலயே ஒனக்கு மட்டுந்தான் தெரியும்!" பாலம்மா அகப்பைக் காம்பை அவன் பக்கம் நீட்டினாள். "அறுபதடி கீழ போயி அந்தக் கல்லத் தொட்டவன் நீ. பங்குனி வெயில்ல, மேல நாங்க வெந்துக்கிட்டு நிக்கிறோம், நீ கெணத்துக்குள்ளருந்து ஏறி வந்து எப்பிடி நின்ன? பல்லு கிட்டிப்போயி, ஒதடு நீலம் பாரிச்சு, சாக்கப் போத்திக்கிட்டு நின்னியே. ஒனக்குக் கஞ்சி சுடவச்சுக் குடுத்தவ நான். அடுப்புல வச்ச சட்டியில அடிதான்டா மொதல்ல சுடும். நீ அடிப்பக்கம் போனவன். சுட்டுச்சா?"

பழனியாண்டியின் கை தானாகத் தோளைத் தேய்த்துக்கொண்டது, அந்தக் குளிர் இன்னும் அங்கே இருக்கிறமாதிரி.

இரவு ஸ்டோரிலேயே தங்கிவிட்ட றவூப், கூட்டத்தின் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். "அது சரி, ஆனா திருகோணமலப் பக்கம் கன்னியாவில வெந்நீர்க் கெணறு இரிக்கே? அங்க சுடுதே?"

நாற்பது தலைகள் பொன்னுத்துரையின் பக்கம் திரும்பின. பாலம்மாவும் அவரைத்தான் பார்த்தாள். இவர் இப்போது எதையாவது அளந்துவிடுவார், எல்லாம் பாழ்.

பொன்னுத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம், இருக்குது. நானே அதில குளிச்சிருக்கிறன். அது ஏன் சுடுது எண்டு..." கழற்றிய கண்ணாடியை மடித்தார். "எனக்குத் தெரியாது."

மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

"நெருப்பு மலையள் இருக்கிற நாட்டுப் பட்டியலில இலங்கை இல்லை. அது மட்டும் தெரியும். கன்னியாக் கிணறு இராவணன் காலத்துக் கிணறு எண்டு சொல்லுவினம். அவ்வளவு காலமாகியும் அங்க ஒரு மலையும் வெடிக்கேல்ல, அதுவும் தெரியும். அதுக்கு மேல தெரியாது. போன கிழமை தெரிஞ்ச மாதிரிக் கதைச்சது என்ர பிழை."

வேடிக்கையைப் பாருங்கள். எல்லாம் தெரிந்தவராக இருந்தபோது ஒரு வாரம் மட்டும் நம்பினார்கள். தெரியாது என்று அவர் சொன்னபிறகுதான் உண்மையிலேயே நம்பினார்கள். கிழவர் முதலில் மூட்டையை அவிழ்த்தார். "ஐயாவே தெரியாதுன்னு சொன்னா, தெரியும்னு சொன்னது நெசமாத்தான் இருக்கும்" என்றார். பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள்.

பழனியாண்டி மட்டும் மூட்டையை அவிழ்க்கவில்லை. நேராகக் கிணற்றடிக்கு நடந்தான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். சுப்பம்மாகூட ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் அக்காவையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். உள்ளேயிருந்து தண்ணீர் அலம்புகிற சத்தம் வந்தது. அதன்பின் சத்தமே இல்லை. பாலம்மா ஜென்மத்தில் முதல்முறையாக வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

"மதினி!" என்று கிணறு அதிரக் குரல் வந்தது. "கல்லு சில்லுன்னு இருக்கு மதினி! எலும்பு கொடையுது!"

சுப்பம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தவள் பாதியில் அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்தாள். பனிக்குடம் உடைந்து அவள் காலடியில் தரை நனைந்தது. பாலம்மா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். விடிந்ததும் கிளம்பியிருந்தால் இந்நேரம் அவர்கள் ரோட்டில் எந்த இடத்தில் இருந்திருப்பார்கள் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

"அவன மேல ஏத்துங்க," என்றாள். "அப்பன் ஆகப்போறவன் கெணத்துக்குள்ள என்னா பண்றான்!"

வழிக்களியை அன்றைக்கு எல்லாரும் களத்திலேயே உட்கார்ந்து தின்றார்கள். இலையில் யாரும் கட்டவில்லை. ஸ்டோர் இன்னும் எத்தனை வருஷம் ஓடும், கோப்பிக்குப் பிறகு இந்த மலையில் என்ன முளைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல அன்றைக்கு யாரும் கூச்சப்படவில்லை.

சாயங்காலம், கலகெதரப் பக்கம் பச்சைச் சூரியன் இறங்குகிற நேரத்தில், லயத்தின் கடைசி அறையில் பெண்பிள்ளை பிறந்தது. தொண்டை அப்படியே பெரியம்மாவுடையது என்றார்கள். அறுபது பேருக்கும் கேட்டது.

வெளியே அடுப்பின் முன் பழனியாண்டி குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தான். புகையில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. புகையால் மட்டும்தானா என்று பாலம்மா கேட்கவில்லை.

"புள்ளயக் குளிப்பாட்டத் தண்ணி சுட்டுச்சாடா?"

"எங்க மதினி!" என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக. "ரெண்டு கட்டு வெறகு போயிருச்சு. இந்தக் கெணத்துத் தண்ணி சுடுவேனாங்குது!"